பார்த்துச் சுடுவதும் பாராமல் சுடுவதும்

பட்டுப்புடவைக் கடை வாசலில் நிற்கும் காவலாளி நான். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் கடை. கார் கதவைத் திறந்துவிடுவதும் செருப்பை எங்கே விட வேண்டும் என்று கை காட்டுவதும்தான் வேலை. பழைய படைப்பிரிவின் பட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு நிற்பதால், மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வெளியே சும்மா நிற்கும் ஆண்கள் என்னிடம் பேச்சுக் கொடுப்பார்கள். "மிலிட்டரியா? எதுல?" என்பார்கள். பீரங்கி என்றதும் முகம் மலரும். "அப்போ குறி பாத்து டமால்னு அடிச்சிருப்பீங்க." இல்லை ஐயா, நான் குறி வைத்த இடத்தைக் கண்ணால் பார்த்ததே அபூர்வம் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். இந்த வாட்ச்மேன் புளுகுகிறான் என்று முடிவு கட்டிவிட்டு போனை எடுத்து நோண்ட ஆரம்பிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களுக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். இது என் நண்பனின் கதை. தென்னேரிக்காரன். இருவரும் ஒன்றாகப் படையில் சேர்ந்து, ஒரே யூனிட்டில் இருந்து, ஒன்றாகவே பென்ஷனில் வந்தோம். அவன் இப்போது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வேலையில் இருக்கிறான். "உன்னைப் பத்தி எழுதட்டுமா?" என்று கேட்டபோது, "பேரு போடாதே" என்று மட்டும் சொன்னான். வேறு யாராவது என்றால் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளத் தயங்கியிருப்பேன். அவனைப் பொறுத்தவரை இது பெரிய சம்மதம்.

பீரங்கியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவன் கஷ்டம் யாருக்கும் புரியாது. நேராகச் சுடுவது ஒரு வகை. டாங்கி சுடுகிறதே, அது. சுடுகிறவன் கண்ணுக்கு இலக்கு தெரிய வேண்டும். குழல் ஏறக்குறைய படுத்தபடி இருக்கும், குண்டு மகா வேகத்தில் போகும். பூமி அதையும் கீழே இழுக்கத்தான் செய்கிறது, ஆனால் விழுவதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அதற்குள் போய் முட்டிவிடுகிறது. எதிரில் இருப்பவனுக்குச் சுட்ட சத்தம் கேட்பதற்கு முன்பே குண்டு வந்து சேர்ந்துவிடும். சுவரின் முகத்தில் அறைந்து, ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போகும். ஆனால் நல்ல பாறையோ மண்மேடோ நடுவில் இருந்தால், அதற்குப் பின்னால் பதுங்கியவன் பிழைத்துக்கொள்வான்.

எங்கள் பீரங்கி பெரும்பாலும் இன்னொரு வகையில் சுட்டது. எங்களுக்கும் எதிராளிக்கும் நடுவில் ஒரு மலை நிற்கும். குழலை அண்ணாந்தபடி நிறுத்திக் குண்டை வானத்துக்கு அனுப்புவோம். அது மலையைத் தாண்டிப்போய் மறுபக்கத்தில் தலைக்கு மேலிருந்து இறங்கும். கோயில் மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கும் குளத்தில் கல்லைப் போடுவது மாதிரி. மதில் எவ்வளவு உயரமாக இருந்தாலும் குளத்துக்குக் காவல் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, வெடிமருந்து எவ்வளவு சில்லிட்டிருக்கிறது, குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது எல்லாம் கணக்கில் வரும். மலை உச்சியில் காற்று மெலிசு, குண்டு நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஒரே கணக்கில் அனுப்பினாலும் எல்லாம் ஒரே இடத்தில் விழாது. பக்கவாட்டில் அவ்வளவாகத் தவறாது, முன்னும் பின்னுமாகத்தான் சிதறும்.

விழுந்த இடத்தில் குழி ஒன்றும் பெரிதாக இருக்காது. குண்டின் இரும்புத் தோல் கிழிந்து துண்டு துண்டாகச் சுற்றிலும் பறக்கிறது பாருங்கள், ஆளைக் கொல்வது அதுதான். சேற்றில் விழுந்தால் சேறு பாதியை விழுங்கிவிடும். பாறையில் விழுந்தால் பாறையும் சேர்ந்து தெறிக்கும். சுவருக்குப் பின்னால் ஒளிந்தவனுக்கும், தலைக்கு மேல் கூரை இல்லையென்றால், தப்ப வழியில்லை.

அப்படியென்றால் எங்கே விழுந்தது என்று யார் பார்ப்பது? அதற்காக, எங்களுக்கு வெகுதூரம் முன்னால் ஒரு முகட்டில் எங்கள் ஆட்கள் சிலர் தொலைநோக்கியும் வயர்லெஸ்ஸுமாகப் படுத்துக்கிடப்பார்கள். "நூறு மீட்டர் கூட்டு", "கொஞ்சம் இடது" என்று அங்கிருந்து குரல் வரும். இங்கே குழலைத் திருப்புவோம், குண்டைக் கிளப்பும் கயிற்றை நான் இழுப்பேன். சரியாக விழ ஆரம்பித்ததும், இனி மாற்ற வேண்டாம், எல்லாக் குழல்களும் அங்கேயே போடட்டும் என்று ஒரு கடைசி உத்தரவு வரும். அந்த முகட்டில் அதிகாரிக்கு வயர்லெஸ் தூக்கியவன் என் நண்பன். பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு வலது காது போயிற்று. அவனுக்குக் காது இன்றும் பாம்புக் காது. ஒரு கீறல் இல்லாமல் வீடு வந்தவன் என்று அவனை எல்லோரும் அதிர்ஷ்டக்காரன் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் வாலாஜாபாத் பையனைப் பிடித்துப்போய் வீட்டில் சொன்னாள். விசாரித்தோம். நல்ல பையன். பையனின் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனுஷன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். போன தை மாதம் வெற்றிலைபாக்கு மாற்ற நாள் குறித்தார்கள்.

நான் கிறிஸ்தவன், அவன் இந்து. அவர்கள் வழக்கத்தில் இதுதான் முக்கியம். பெண்ணின் அப்பாவும் பையனின் அப்பாவும் எதிரெதிரே தாம்பூலத் தட்டோடு உட்காருவார்கள். பெண்ணைப் பெற்றவன் சபை கேட்கும்படி, "பொண்ணைக் குடுத்தோம்" என்று சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர், "எடுத்துக்கினோம்" என்பார். இப்படி மூன்று தடவை. அப்புறம்தான் தட்டு கைமாறும், இலை போடுவார்கள். புடவையும் பூவும் ஆயிரம் வந்திருக்கட்டும், அந்த வார்த்தை விழாவிட்டால் எதுவும் நடந்ததாக அர்த்தமில்லை.

பையன் வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். இறங்கியதும் தெருமுனையில் சரவெடி வைத்தார்கள். புகை அடங்கி, எல்லோரும் உட்கார்ந்து, என் நண்பன் தட்டைக் கையில் எடுத்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. "சொல்லுங்க சம்மந்தி," என்றார் எதிரில் இருந்தவர். அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கமாகப் போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் கண்டக்டரைப் பிடித்துக்கொண்டேன். "மிலிட்டரிக்காரன் வீட்டு வாசல்ல வெடி வைக்கலாமா? உங்களுக்கே நல்லா இருக்குதா?" என்று கத்தினேன். பாவம், அந்த மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாம நடந்துபோச்சுபா. இன்னொரு நாள் வெச்சுக்கலாம். வெடியே வேணாம்," என்றார். ஆனால் பையனின் அத்தை ஒருத்தி, "வெடியாவது ஒண்ணாவது, அப்பனுக்குப் பையனப் புடிக்கல. மூஞ்சில எழுதி ஒட்டியிருக்குது," என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினாள். அது பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "அப்பாவுக்குப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லட்டும்மா. நானே வேணாம்னு சொல்லிடறேன்," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் முகம் பார்த்துப் பேசவில்லை.

அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணா, நீங்க வந்து பேசுங்கண்ணா. என்கிட்ட ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கறாரு. இன்னொருவாட்டி இப்படி ஆச்சுன்னா அவங்க போயிடுவாங்க. இந்தப் பொண்ணு வேற யாரையும் கட்டாது." வார விடுமுறை அன்று பஸ் ஏறிப் போனேன்.

ஏரிக்கரைக்குக் கீழே மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தான். சாயங்கால வெயில். நான் நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி ஆரம்பித்தேன்.

"வெடி கிடையாதுன்னு பேசி முடிச்சாச்சு. மேளங்கூட வேணாம்னுட்டாங்க. இனிமே உனக்கு என்னடா?"

"வெடி என்னை இன்னா பண்ணிச்சு?" என்றான்.

"பின்ன?"

அவன் உள்ளே போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தான். "பையன் நல்ல பையன். எனக்குப் புடிச்சிருக்குது. அந்த வார்த்தை மட்டும் வர மாட்டேங்குது."

"ஒரு வார்த்தைடா. அதைச் சொல்ல இன்னா கேடு உனக்கு? ஊமையா நீ?"

ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அன்னைக்கு சாருக்கு மூச்சு முட்டிப் படுத்துட்டாரே, ஞாபகம் இருக்குதா?"

இருந்தது. அந்த உயரத்தில் யாருக்கு வேண்டுமானாலும் மூச்சு முட்டும். அன்று அதிகாரியின் குரலுக்குப் பதிலாக வயர்லெஸ்ஸில் இவன் குரல் வந்தது. நம்ம பையன் இன்று துரை ஆகிவிட்டான் என்று பீரங்கிக்குப் பக்கத்தில் நாங்கள் சிரித்தோம்.

"மொதல் ரெண்டு குண்டும் வேற சரிவுல விழுந்துச்சு. அந்தச் சத்தமெல்லாம் அவங்களுக்குப் பழக்கம், யாரும் கண்டுக்கல. அப்போ அவங்க பதுங்குகுழிலேர்ந்து ஒருத்தன் வெளிய வந்தான். கம்பளிய ஒதறினான். நம்ம வீட்ல பாய ஒதறுவாங்களே, அப்டி. வெய்யில்ல போட எடம் பாத்துக்கினு இருந்தான். நான் பாத்துக்கினே தூரத்தத் திருத்திச் சொன்னேன். இனிமே மாத்த வேணாம், எல்லாத்தையும் அங்கயே போடுன்னு. நீ இழுத்துட்ட. குண்டு மேல போயாச்சு. அவன் இன்னும் ஒதறிக்கினே இருந்தான்டா."

நேராகச் சுடுகிறவனுக்கு இந்த நேரம் கிடையாது. இழுத்தான், விழுந்தது, முடிந்தது. வானத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு வரும் குண்டுக்கு, ஒரு டம்ளர் டீயை ஆற்றலாம் என்கிற அளவுக்கு நேரம் பிடிக்கும். நான் அந்த நேரத்தில் அடுத்த குண்டுக்குத் தயாராகிக்கொண்டிருப்பேன். அவன் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"நிறுத்துன்னு சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா நீ நிறுத்துவே. குண்டு நிக்குமா? அன்னையிலேர்ந்து எதையாவது, ஆமா, இதான், இப்டியே செய்னு சொல்லணும்னா, உடனே அந்த நேரம் வயித்துக்குள்ள வந்து உக்காந்துக்குது. சொன்னதுக்கும் விழறதுக்கும் நடுவுல இருக்குதே, அது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டலில் என்ன சாப்பிடலாம் என்றால், "நீயே சொல்லு" என்பான். மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று மனைவிதான் முடிவு செய்தாள். வீட்டுக்கு என்ன வண்ணம் அடிப்பது என்றுகூட அவன் வாயிலிருந்து வரவில்லை. பிள்ளைப்பூச்சி என்று கூப்பிட்டு எல்லோரும் கேலி செய்வோம். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வான்.

சமாதானம் சொல்லப் பார்த்தேன். "கயித்தை இழுத்தது நான்டா. உனக்கு மட்டும் ஏன்? கணக்குப் போட்டவன் இருக்கான், குண்டு தூக்கினவன் இருக்கான், எல்லாருந்தான் பண்ணோம். நானும் ஒருநாள் பாத்துச் சுட்டிருக்கேன், தெரியுமில்ல?" தெரியும் அவனுக்கு. ஒருநாள் குழலைத் தாழ்த்தி, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்த ஒரு கல் அரணை நேராகச் சுட்டோம். முன்சுவரில் குண்டு புகுந்து கல்லெல்லாம் உள்பக்கமாகச் சரிந்ததைப் பார்த்தேன்.

"நீ பாத்தது செவுத்த," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னைக்கு நீ கயித்த இழுத்த, நான் இல்லன்னு சொல்லல. இழுத்து முடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டே."

உண்மைதான். குடித்தேன். அன்றைக்கு டீ நன்றாகக்கூட இருந்திருக்கும். எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்து இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்று இருந்தது. "பொண்ணுகிட்டயாவது சொல்லுடா, அவ தப்பா நெனச்சுக்கினு இருக்கா," என்றேன். "கல்யாணப் பொண்ணுகிட்ட சொல்ற சங்கதியா இது?" என்றான். அவன் மனைவியிடமும் நான் சொல்லவில்லை. "அவனுக்குப் பையனப் புடிச்சிருக்குதும்மா, அது சத்தியம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அவனுக்கு ஓர் அண்ணன் உண்டு. வார்த்தையை அவர் சொல்லட்டும் என்று கண்டக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். மனுஷன் யோசித்துவிட்டு, "நான் ஒத்துக்குவேன்பா. எங்க ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க. அப்பன் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்போது பெரியப்பன் குடுத்தான்னா, நாளைக்கு அந்தப் பொண்ணத்தான் பேசுவாங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லிடட்டும்," என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

இரண்டாவதாகக் குறித்த நாளும் வந்தது. வெடி இல்லை, மேளம் இல்லை. வேன் வந்து நின்றதே தெரியவில்லை. அந்த அத்தையும் வந்திருந்தாள், முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பெண் உள்அறையில் மற்றப் பெண்களோடு இருந்தாள். வெற்றிலை மாற்றி முடிந்த பிறகுதான் அவளைக் கூப்பிட்டு உட்கார வைப்பது வழக்கம். நான் நண்பனுக்கு வலதுபக்கம், என் நல்ல காது அவன் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தேன்.

அவன் தட்டை எடுத்தான். உதடு அசைந்தது. தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் லேசாக ஆடுவதைப் பார்த்தேன். சபையில் யாரோ செருமினார்கள். அத்தை பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். உடம்பு சரியில்லை, மயக்கம், எதையாவது சொல்லி எழுந்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவன் உள்அறைப் பக்கம் திரும்பி, மகளைக் கூப்பிட்டான்.

"இங்க வாம்மா."

சலசலப்பு வந்தது. அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அவன் தட்டைப் பிடித்தபடியே கேட்டான்.

"உன்ன அந்த வீட்டுக்கு அனுப்பறேன். போறியா? வேணாம்னா இப்பவே சொல்லிடு, நிறுத்திடலாம். நான் சொன்னப்புறம் நிறுத்த முடியாது."

"இது இன்னா சர்ச்சுக் கல்யாணமா, சபையில பொண்ணக் கேக்கறதுக்கு?" என்றாள் அத்தை. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். கிறிஸ்தவன் நான் பக்கத்தில் இருப்பதால் இது என் யோசனை என்று நினைத்திருப்பார்கள். கண்டக்டர் கையைக் காட்டி அடக்கினார். "கேக்கட்டும்மா. அவரு பொண்ணு, கேக்கறாரு."

"போறேம்பா," என்றாள் மகள்.

"நல்லா யோசிச்சுக்கோ."

"யோசிச்சாச்சுப்பா. குடுப்பா," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள்.

எங்கள் வேலையில் அந்தப் பக்கம் இருக்கிறவனை யாரும் கேட்டதில்லை. கேட்க முடியாது, அப்படிப்பட்ட வேலை அது. என் நண்பன் கேட்டுவிட்டான். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, துண்டை வாயில் வைத்துக்கொண்டேன்.

"பொண்ணைக் குடுத்தோம்," என்றான். சபை முழுக்கக் கேட்டது.

"எடுத்துக்கினோம்," என்றார் கண்டக்டர்.

மூன்று தடவையும் சொன்னான். தட்டு கைமாறியது. பெண்கள் குலவை போட்டார்கள், இலை போடச் சொல்லி யாரோ சமையல்காரருக்குக் குரல் கொடுத்தார்கள், எல்லோரும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள். அவன் மட்டும் எழவில்லை. மாறி வந்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மகளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதற்காகக் காத்திருக்கிறான் என்று அங்கே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து குனிந்தாள். "இன்னாப்பா அப்டிப் பாக்கற?"

"உனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டான்.

"எனக்கு இன்னாப்பா ஆவப்போவுது," என்று சொல்லி, அவன் மடியிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள்.